150 வருஷமெல்லாம் ஒரு பழசா? கிராமத்து அமெரிக்காவில் பார்க்க என்ன இருக்கு?

கேள்வி (8 மார்ச் 2025, காலை)

பொதுப்பணித் துறையில் 34 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது சிகாகோவில் மகன் வீட்டில் ஆறு மாசம். இங்கே எந்த ஊருக்குப் போனாலும் வரலாற்றுச் சின்னம் என்று ஒரு பலகை. கிட்டப் போய்ப் பார்த்தால் 1890-ல் கட்டின மளிகைக் கடை. எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துக் கிணறே அதைவிடப் பழசு. பெரிய நகரங்களைப் பார்த்தாச்சு. கிராமப்புறத்தில், காரெடுத்துக்கொண்டு போய்ப் பார்க்கிற மாதிரி பழைய கட்டடம் ஏதாவது உண்டா, இல்லை எல்லாம் வெறும் பலகைதானா?

பதில் (8 மார்ச், இரவு)

சார், சேஸ் கவுண்டி (கவுண்டின்னா நம்ம மாவட்டம் மாதிரி). கான்சாஸ் மாநிலம். சிகாகோவிலிருந்து பத்து மணி நேரம் ஓட்டணும், அதை முதலிலேயே சொல்லிடறேன்.

நான் பதினோரு வருஷமா விச்சிட்டாவில், விமானத் தொழிற்சாலையில் வேலை. இங்கிருந்து வடகிழக்கே ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். முதல் தடவை போனதே வீட்டில் ஏசி படுத்துவிட்டது, காரில் ஏசி வேலை செஞ்சது என்கிற ஒரே காரணத்துக்காக.

காட்டன்வுட் ஃபால்ஸ்தான் அந்தக் கவுண்டிக்குத் தலைநகரம். 2020 கணக்கெடுப்பில் 851 பேர். நம்ம பக்கம் ஒரு கல்யாணத்துக்கே அதைவிடக் கூட்டம் வரும். செங்கல் பாவின கடைத்தெருவுக்கு பிராட்வேன்னு பேர் (நியூயார்க் நாடக வீதியோட பேர், சிரிக்காதீங்க). அந்தத் தெரு போய் முட்டுகிற இடத்தில், பார்வையை மறிச்சுக்கிட்டு, சுண்ணாம்புக்கல்லில் ஒரு கோர்ட் கட்டடம். உச்சியில் கடிகாரக் கோபுரம். 1873-ல் கட்டினது. இப்போ மியூசியமா வச்சிருக்காங்க. உள்ளே இரும்புச் சுழல் படிக்கட்டு ஒண்ணு இருக்கு, அதுக்காகவே போகலாம்.

9 மார்ச், காலை

ரெண்டு திருத்தம், ரெண்டும் என் தப்பு. ராத்திரி பழைய போட்டோவெல்லாம் தோண்டிப் பார்த்தேன்.

ஒண்ணு, அது மியூசியம் இல்லை. இன்னைக்கும் கோர்ட்தான், கவுண்டி ஆபீஸ்தான். கான்சாஸில் இன்னும் கோர்ட்டாகவே நடந்துக்கிட்டிருக்கிறதில் இதுதான் ஆகப் பழசு. வண்டி வரி கட்ட வர்றவரும் அதே கதவில்தான் நுழையணும்.

ரெண்டு, படிக்கட்டு இரும்பு இல்லை. வால்நட் மரம். காட்டன்வுட் ஆற்றங்கரையில் வளர்ந்த கருப்பு வால்நட்டையே வெட்டிச் செஞ்சிருக்காங்க. வேற ஏதோ ஊர்க் கோர்ட்டோட குழப்பிக்கிட்டேன்.

அதே நாள், கொஞ்சம் கழிச்சு

படிக்கட்டைப் பத்தி இன்னும் ரெண்டு வரி எழுதணும், அது என்னை விடாது. மூணு மாடிக்கு நத்தை ஓடு மாதிரி சுத்திக்கிட்டே போகும். கீழே நின்னு தலையைத் தூக்கினா கைப்பிடி மட்டும் ஒரு சுருளாத் தெரியும். கைப்பிடியைத் தடவினா, உள்பக்கம் வழவழன்னு இருக்கு, வெளிப்பக்கம் அவ்வளவு இல்லை. ஏறுகிறவன் இறங்குகிறவன் எல்லாரும் உள்பக்கமாவே பிடிச்சுத் தேய்ச்சிருக்காங்க. நில வழக்கு, மாட்டுத் திருட்டு, விவாகரத்துன்னு எத்தனை கை பட்டிருக்கும். மேல் மாடியில் சிறைக்கூடமும் இருந்தது, 1970கள் வரைக்கும் அதில் ஆளைப் போட்டிருக்காங்க. அதாவது கைதியும் நீதிபதியும் ஒரே கைப்பிடி.

கோர்ட்டை வடிவமைச்சவர் ஜான் ஹாஸ்கெல். கான்சாஸ் தலைநகர் டொபீகாவில் இருக்கிற மாநிலச் சட்டமன்றக் கட்டடத்திலும் வேலை பார்த்தவர். தரையிலிருந்து உச்சி வரை 113 அடி. செலவு ஏறத்தாழ 42,600 டாலர். கூரை பிரெஞ்சு பாணி, நாலு பக்கமும் செங்குத்தா இறங்கி மேலே தட்டையா முடியும், தலைக்குச் சின்னதாப் போன தொப்பி மாதிரி. சுத்தி மாடு மேய்கிற புல்வெளி, நடுவில் பாரீஸ் தொப்பி. கவுண்டி உருவாகி 15 வருஷம்கூட ஆகலை, அதுக்குள்ள அந்த ஆசை.

கவுண்டிக்குப் பேர் வந்த அந்தச் சேஸ் யாருன்னு கேட்டவருக்கு: சால்மன் சேஸ், லிங்கனுடைய நிதி அமைச்சர். பழைய 10,000 டாலர் நோட்டில் இருக்கிற முகம். அந்த நோட்டை நானும் பார்த்ததில்லை, கவலைப்படாதீங்க.

13 மார்ச்

சார் கேட்ட கேள்வி நல்ல கேள்வி: "கல் எங்கிருந்து? ரயிலில் வந்ததா?"

இல்லை சார். காலடியில் கிடந்தது. இந்த மேடெல்லாம் ஃபிளின்ட் ஹில்ஸ்னு பேர், 1806-ல் இந்த வழியா வந்த ஸெபுலன் பைக் வைத்தது. அடுக்கடுக்கா சுண்ணாம்புக்கல், நடுநடுவே தீக்கல். அதில் ஆறடி கனத்துக்குப் போகிற ஒரு படிவத்துக்குப் பேரே காட்டன்வுட் சுண்ணாம்புக்கல். வெட்ட வசதி, காத்துப் பட்டா இறுகும். டொபீகா சட்டமன்றக் கட்டடத்துக்குக் கிழக்குப் பக்கம் வேற கவுண்டிக் கல் போட்டாங்க, மேற்குப் பக்கத்துக்கு இங்கே இருந்துதான் கொண்டு போனாங்க.

பிளக்கிறது நம்ம ஊர்க் கல் உடைக்கிறவங்க செய்கிற மாதிரியேதான். வரிசையாத் துளை போட்டு, ஒவ்வொரு துளையிலும் ஆப்பு இறக்கி, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மாத்தி மாத்தித் தட்டுவாங்க. கடைசித் தட்டில் கல் தானா வாய் திறக்கும். பழைய சுவர்களில் கல்லோட ஓரத்தில் பாதி வட்டமா வரிவரியாத் தெரியறது அந்தத் துளையோட மிச்சம்.

இப்போ நான் நிஜமா சொல்ல வந்தது. சுவருக்கு ஒரு ஜாண் தூரத்தில் கண்ணை வச்சுப் பாருங்க. யாரோ பச்சரிசியை இறைச்சு மேலே சாந்து பூசின மாதிரி இருக்கும். சின்னச் சின்னதா, ரெண்டு பக்கமும் கூரான மணிகள். அரிசி இல்லை, கோதுமை இல்லை. ஃபியூசுலினிட் என்கிற கடல் உயிரி, ஒரே செல். ஆழமில்லாத கடல் இங்கே இருந்த காலத்தில் வாழ்ந்து செத்து அடியில் படிஞ்சது. கிட்டத்தட்ட 29 கோடி வருஷம். கிணற்று வயசைச் சொன்னீங்களே சார், அதுக்குத்தான்.

என் பொண்ணு அப்போ எட்டு வயசு. "அப்பா, சுவத்துல சோறு ஒட்டியிருக்கு" என்றாள். அன்னைக்கு நடைபாதையில் கிடந்த, அரிசி நிறைஞ்ச ஒரு கல்லை எடுத்துப் பையில் போட்டுக்கிட்டு வந்தேன். இப்பவும் மேசை மேல் பேப்பர் பறக்காம இருக்க அதுதான்.

14 மார்ச்

இன்னொருத்தர் எழுதியிருக்கார், கல்லோட வயசைக் கட்டடத்தோட வயசா ஏமாத்தறீங்கன்னு. சரி, ஒத்துக்கறேன். அப்படிப் பார்த்தா எல்லாருடைய சமையல்மேடையும் தொன்மைச் சின்னம்தான்.

15 மார்ச்

சேஸ் கவுண்டியில் பஜார்னு ஒரு ஊர் இருக்கு. நிஜமா. மாட்டை ரயிலில் ஏத்துகிற பெரிய இடமா ஒரு காலத்தில் இருந்தது. போன தடவை பசியில் அங்கே ஏதாவது கிடைக்கும்னு வண்டியைத் திருப்பினேன். பஜாரில் ஒரு டீக்கடைகூட இல்லை. பேரை நம்பி இப்படி ஏமாந்தது பிராட்வேக்கு அப்புறம் இது ரெண்டாவது.

22 மார்ச்

இன்னைக்கு ஸ்பிரிங் ஹில் ராஞ்ச். ஸ்ட்ராங் சிட்டிக்கு வடக்கே 177-ம் நெடுஞ்சாலையில் ரெண்டு மூணு மைல். ஸ்ட்ராங் சிட்டி, சான்டா ஃபே ரயில்வே தலைவரா இருந்த வில்லியம் ஸ்ட்ராங் பேரில் இருக்கிற ஊர். ஆத்துக்குத் தெற்கே கோர்ட், வடக்கே ரயில், நடுவில் ரெண்டு மைல். ரெண்டு ஊரும் ஒண்ணை ஒண்ணு முறைச்சுக்கிட்டேதான் வளர்ந்திருக்கும்னு எனக்குத் தோணுது.

ராஞ்ச் கட்டினவர் ஸ்டீவன் ஜோன்ஸ், மாட்டுப் பண்ணைக்காரர். 1881. வீட்டில் 11 அறை, கோர்ட்டுக்கு இருக்கிற அதே பிரெஞ்சுத் தொப்பிக் கூரை. வீட்டுக்கு 25,000 டாலர், மாட்டுத் தொழுவத்துக்கு 15,000. சார், தொழுவத்தைப் பார்த்தீங்கன்னா பதினஞ்சாயிரம் குறைச்சல்னு சொல்வீங்க. 110 அடி நீளம், 60 அடி அகலம், மூணு மாடி, எல்லாம் கல். மேட்டுச் சரிவில் உட்கார்ந்திருக்கு. மண்ணால் சாய்வுப் பாதை போட்டு, குதிரை வண்டி வைக்கோலோட நேரா மேல் மாடிக்குள் போகிற மாதிரி செஞ்சிருக்கார். மேலே இருந்து கீழே தள்ளினாப் போதும், மாட்டுக்குத் தீனி. தூக்குகிற வேலையே கிடையாது. தெரியாத ஊரில் ஒரு கட்டடத்தை எப்படிப் புரிஞ்சுக்கறதுன்னு யாராவது கேட்டா நான் சொல்றது இதுதான்: பாரம் எங்கே ஏறுது, எங்கே இறங்குதுன்னு பாருங்க.

கோழிக்கூட்டுக்குக்கூடக் கல் சுவர், கூரை மேல் புல். அப்புறம் கக்கூஸ். தனியா, கல்லில், கௌரவமா. உள்ளே பலகையில் மூணு ஓட்டை. ஒரே நேரத்தில் மூணு பேர்! என் மனைவி வெளியே வந்து அரை மணி நேரம் சிரிச்சா. கூட்டுக் குடும்பத்தை நாமதான் கண்டுபிடிச்சோம்னு நினைச்சிருந்தாளாம்.

கீழ்ப்பக்கம் காட்டெருமைகள் மேயுது. ஆதி காலத்திலிருந்து இங்கேயே இருக்கிற கூட்டம். அதுங்க பார்க்கிற பார்வையிலேயே தெரியும், நாமதான் விருந்தாளி.

23 மார்ச்

காட்டெருமை பத்தி நேத்து எழுதினது சுத்தமா அபத்தம். இங்கிருந்ததை எல்லாம் சுட்டுத் தள்ளித் தீர்த்தாச்சு. இப்போ இருக்கிறது 2009-ல் தெற்கு டகோட்டாவில் விண்ட் கேவ் தேசியப் பூங்காவிலிருந்து 13 உருப்படி கொண்டு வந்து விட்டதோட வாரிசுகள். அதுவும் நம்மை மாதிரி குடியேறினதுதான். பார்வை மட்டும் அப்படி.

ஜோன்ஸ் கதையிலும் ஒரு திருப்பம் விட்டுட்டேன். இத்தனையும் கட்டினவர் எத்தனை வருஷம் அனுபவிச்சார்? 1888-ல் வித்துட்டார். ஏழு வருஷம். வாங்கினது யார் தெரியுமா? பார்னி லான்ட்ரி, ஸ்ட்ராங் சிட்டி கான்ட்ராக்டர், கல் குவாரிக்காரர். வீட்டைக் கட்டிக் கொடுத்தவரே அவர்தான்! சார், உங்க சர்வீஸில் எத்தனை கான்ட்ராக்டர் பார்த்திருப்பீங்க, கட்டின வீட்டில் தானே குடிபோனவர் எத்தனை பேர்?

23 மார்ச், மாலை

கல் வேலி பத்திக் கேட்டிருந்தீங்க. சாந்து கிடையாது, வெறும் அடுக்கு. ஜோன்ஸ் நிலத்தில் மட்டும் 30 மைல் வேலி. 1867-ல் கான்சாஸில் திறந்தவெளி மேய்ச்சலை நிறுத்தி ஒரு சட்டம் வந்தது. நாலரை அடி உயரத்துக்குக் கல் வேலி போட்டுப் பராமரிச்சா, ஒரு ராடுக்கு 40 சென்ட் கொடுப்பாங்க. ஒரு ராடு பதினாறரை அடி. மைலுக்கு 320 ராடு. 30 மைலுக்குக் கணக்குப் போட்டேன், 3,840 டாலர் வருது. முழுசாக் கிடைச்சிருந்தாலும் வீட்டுச் செலவில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. ஆனா முப்பது மைலுக்குக் குனிஞ்சு நிமிர்ந்தவன் முதுகுக்கு என்ன கிடைச்சதுன்னு எந்தப் பலகையும் சொல்லலை. வீட்டுக்காரர் பேர் இருக்கு, வேலி போட்டவன் பேர் எங்கேயும் இல்லை.

கல்லே இல்லாட்டி என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. அமெரிக்காவில் உயரப் புல்வெளி ஒரு காலத்தில் 17 கோடி ஏக்கர். இன்னைக்கு மிச்சம் 4 சதவீதத்துக்கும் கீழே, அதில் பெரும்பகுதி இந்த ஃபிளின்ட் ஹில்ஸில்தான். அயோவா, இல்லினாய் எல்லாம் உழுது மக்காச்சோளம் போட்டாச்சு, சார் சிகாகோவிலிருந்து வர்ற வழி முழுக்கப் பார்ப்பீங்க. இங்கே கலப்பை இறங்கலை. அரையடிக்குக் கீழே கல். கொழு உடைஞ்சு போச்சு, மாட்டை விட்டாங்க, புல் தப்பிச்சது. அந்தக் கல்லையே எடுத்துக் கட்டினாங்க, கட்டடம் நின்னுடுச்சு. நான் உங்களைப் போகச் சொல்றதே இதுக்குத்தான், தனியா ஒரு வீட்டுக்கோ ஒரு கோர்ட்டுக்கோ இல்லை. 1996-ல் அந்த ராஞ்ச் நிலம் 10,894 ஏக்கரை உயரப்புல் தேசியக் காப்பகம்னு அறிவிச்சாங்க.

31 மார்ச்

இன்னைக்குத் தேதிக்காக எழுதறேன்.

1931, மார்ச் 31. காலையில் கான்சாஸ் சிட்டியிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு நேராப் போன ஃபாக்கர் எஃப்-10 விமானம் பஜார் பக்கத்தில் விழுந்தது. எட்டுப் பேரும் போயிட்டாங்க. அதில் ஒருத்தர் கனூட் ராக்னி, நோட்டர் டேம் பல்கலைக்கழகக் கால்பந்துப் பயிற்சியாளர் (அவங்க கால்பந்து, கையில் தூக்கிக்கிட்டு ஓடறது). 105 ஜெயிப்பு, 12 தோல்வி. நாடே அழுதது. வேற யாராவது போயிருந்தா விசாரணை அவ்வளவு தூரம் போயிருக்காதுங்கிறது என் சந்தேகம்.

இறக்கை மரம். பலகைகளைப் பசையால் ஒட்டினது. உள்ளே ஈரம் போய்ப் பசை விட்டிருக்கு. பறக்கும்போது இறக்கை பிஞ்சுடுச்சு. மூடின இறக்கையை வெளியிலிருந்து பார்த்தா எதுவும் தெரியாது. அதுக்கப்புறம்தான் அந்த ரக விமானங்களைத் தரையில் நிறுத்திச் சோதிச்சாங்க, மர இறக்கை காலம் முடிஞ்சு முழு உலோக விமானம் வந்தது.

நான் வேலையில் செய்யறது கிட்டத்தட்ட இதே. ஒட்டின அடுக்குகள் உள்ளே விட்டிருக்கான்னு பார்க்கணும். மெஷின் எல்லாம் இருக்கு, ஆனா இன்னைக்கும் முதல் சோதனை காசு. ஒரு நாணயத்தை எடுத்து அங்குலம் அங்குலமாத் தட்டிக்கிட்டே போகணும். நல்லா ஒட்டியிருந்தா கணீர்னு கேட்கும், விட்டிருந்தா தொப்புனு. சந்தையில் எங்க பாட்டி பானை வாங்கற மாதிரி. பழக்க தோஷம், கோர்ட் சுவரையும் தட்டிப் பார்த்தேன். கணீர்.

நினைவுத் தூண் மேய்ச்சல் நடுவில், தனியார் நிலத்தில். கேட்காமல் கேட்டைத் தாண்டிப் போகாதீங்க. நெடுஞ்சாலையில் மேட்ஃபீல்ட் கிரீன் ஓய்விடத்தில் இதைப் பத்தின காட்சி ஒண்ணு வச்சிருக்காங்க, அது போதும்.

1 ஏப்ரல்

தேதியைப் பார்த்துச் சந்தேகப்படாதீங்க, நிஜத் திருத்தம். விமானம் லாஸ் ஏஞ்சலஸுக்கு நேராப் போகலை. அடுத்து இறங்க வேண்டியது விச்சிட்டா. எங்க ஊர்! பதினோரு வருஷமா இங்கே இறக்கையைத் தட்டிக்கிட்டிருக்கேன், அந்த விமானம் இங்கேதான் வந்துக்கிட்டிருந்ததுன்னு நேத்து ராத்திரிதான் தெரியுது. கொஞ்ச நேரம் தூக்கம் வரலை.

12 ஏப்ரல்

இன்னைக்கு மறுபடி போனோம். பாலம் பார்க்கலாம்னு கிளம்பி நெருப்புப் பார்த்துட்டு வந்தோம்.

வசந்தத்தில் புல்லுக்குத் தீ வைப்பாங்க. வருஷா வருஷம். காய்ஞ்ச புல்லும் மரக்கன்றும் எரிஞ்சு, பத்து நாளில் பச்சை வந்தா மாட்டுக்கு அதுதான் பிரியாணி. தீ வைக்காட்டி கொஞ்ச வருஷத்தில் செடார் மரம் மூடிடும். பகலில் புகை மட்டும். சாயங்காலம் இருட்டினதும் மேட்டோட விளிம்பு முழுக்க ஆரஞ்சுக் கோடு, திருவண்ணாமலைத் தீபத்தைப் படுக்க வச்சு இழுத்த மாதிரி. காரில் கரி படிஞ்சது, இன்னும் கழுவலை.

பாலம். கிளெமென்ட்ஸ் ஊர்ப் பக்கம், காட்டன்வுட் ஆத்து மேல், 1880களில் கட்டின ரெட்டை வளைவுக் கல் பாலம். போன் காட்டின வழி ஜல்லி ரோட்டில் நாலு மைல் கூட்டிட்டுப் போய் ஒரு மாட்டுக் கேட்டு முன்னாடி "வந்து சேர்ந்துவிட்டீர்கள்" என்றது. மாடு பார்த்தது. நாங்களும் பார்த்தோம். திரும்பி வந்து, ஊர் பெயர்ப் பலகையைப் பார்த்துப் போனா அஞ்சு நிமிஷம்.

வண்டி விடறதில்லை, நடந்து போகலாம். கீழே தண்ணி பழுப்பா, சோம்பேறியா ஓடுது. வளைவுக்கு அடியில் நின்னு பேசினா குரல் திரும்பி வருது. நடு உச்சிக்கல்லைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். எல்லாப் பாரமும் அதைப் பிடுங்கப் பார்க்குது, அதே பாரம்தான் அதைப் பிடிச்சும் வச்சிருக்கு. ரொம்பப் பழைய கணக்கு, சாருக்கு நான் சொல்லணுமா.

காட்டன்வுட் ஃபால்ஸிலேயே இன்னொரு பழைய பாலம், 1914, அது கான்கிரீட் வளைவு. பக்கத்தில் பழைய மில் அணையில் தண்ணி விழுது. செடார் பாயின்ட் ஊரில் 1875 கல் மாவு மில் ஒண்ணும் இருக்கு. இருட்டிடுச்சு, நின்னு பார்க்கலை.

12 ஏப்ரல், விட்டுப்போனது

லோயர் ஃபாக்ஸ் கிரீக் பள்ளிக்கூடம். ராஞ்சிலிருந்து பார்த்தா மேட்டு மேல் தனியா ஒரு வெள்ளைத் தீப்பெட்டி. 1882-ல் கட்டி, 1884-ல் பாடம் ஆரம்பிச்சு, 1930-ல் மூடினாங்க. ஒரே அறை. எல்லா வகுப்பும், ஒரே டீச்சர். நிலம் கொடுத்தது அந்த ஜோன்ஸ். கதவு பூட்டியிருந்தது. ஜன்னலில் கையை வச்சு மறைச்சு எட்டிப் பார்த்தோம், பெஞ்சு, கரும்பலகை, அடுப்பு. என் பொண்ணு கேட்டது: "இங்க படிச்ச பசங்க எல்லாம் எங்க?" 1900 வாக்கில் இந்தக் கவுண்டியில் எட்டாயிரம் பேருக்கு மேல். 2020-ல் 2,572. போயிட்டாங்கம்மா, எங்களை மாதிரி வேலை தேடி.

20 ஏப்ரல்

ஒரு வாரமா இதை எழுதலாமா வேண்டாமான்னு இருந்தேன்.

1873-ன்னு நான் பெருமையா ஆரம்பிச்சேன் இல்லையா. அதே 1873, அதே ஜூன் மாசம், இங்கிருந்து வடக்கே ஒட்டியிருக்கிற மோரிஸ் கவுண்டியில், கவுன்சில் குரோவ் பக்கத்தில் இருந்த கா என்கிற பூர்வகுடி மக்களைக் கிளப்பி ஓக்லஹோமாப் பக்கம் அனுப்பினாங்க. கான்சாஸ்ங்கிற பேரே அவங்க பேர். மாநிலத்துக்குப் பேர் இருக்கு, மாநிலத்தில் இடம் இல்லை. இங்கே வால்நட் கைப்பிடியை இழைச்சுக்கிட்டிருந்த கோடையில் அங்கே அவங்க மூட்டை கட்டிக்கிட்டிருந்தாங்க.

இன்னொண்ணு. 1860களில் அரசாங்கம் அவங்களுக்கும் கல் வீடு கட்டிக் கொடுத்தது. 138 வீடு. இதே சுண்ணாம்புக்கல். அவங்க அதில் குடியிருக்கலை, தங்களுடைய பழைய மாதிரிக் குடில்களிலேயே இருந்துக்கிட்டு, கல் வீட்டில் குதிரையைக் கட்டினாங்க. அதை நன்றியில்லாத்தனம்னு எழுதினவங்க உண்டு. எனக்கு அது ரொம்பத் தெளிவான பதிலாத்தான் படுது. பாரத்தைப் பத்தி மேலே ஒரு யோசனை சொன்னேனே, கூடவே இதையும் சேர்த்துக்கணும்: யார் கேட்டுக் கட்டினது?

2000 வாக்கில் அந்த இடத்தில் கொஞ்சத்தைக் கா மக்களே விலைக்குத் திரும்ப வாங்கினாங்க. அலெகவாஹோ நினைவுப் பூங்கா. அந்த வீடுகளில் சிலதோட இடிஞ்ச சுவர் அங்கே நிக்குது. அவங்களுக்குப் புனிதமான செங்கல் பாறை ஒண்ணு உண்டு, 28 டன். 1929-ல் லாரன்ஸ் ஊர்க்காரங்க அதை எடுத்துட்டுப் போய் பூங்காவில் நிறுத்தி, குடியேறினவங்க பேரைப் உலோகப் பலகையில் பொறிச்சு அதில் பதிச்சாங்க. திருப்பிக் கொடுக்கத் தொண்ணூறு வருஷத்துக்கு மேல் ஆச்சு. 2024-ல் அலெகவாஹோ வந்து சேர்ந்தது.

20 ஏப்ரல், இரவு

"செங்கல் பாறை"னு எழுதினது தப்பு, படிக்கிறவங்க செங்கல்னு நினைப்பாங்க. சிவப்புக் குவார்ட்ஸைட். பனியாறு வடக்கேயிருந்து உருட்டிக்கொண்டு வந்து போட்டது.

4 மே

யாரோ ஒரே வரியில் கேட்டிருக்கார்: "மேசை மேல் இருக்கிற கல்லை எந்த நடைபாதையிலிருந்து எடுத்தீங்க?"

காப்பகத்து நடைபாதைதான். தேசியப் பூங்கா நிலத்தில் கல் எடுக்கிறது சட்டப்படி தப்பு, தெரியும். அப்போ தெரியாது. ஏப்ரல் 20-ந் தேதி அவ்வளவு நீளமா எழுதின ஆள், எழுதும்போது அந்தக் கல் கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது. வேற ஒண்ணும் சொல்லத் தோணலை.

7 ஜூன்

சார் வந்துட்டுப் போனார். மகனோட, சிகாகோவிலிருந்து, ஒரே மூச்சில். வெள்ளிக்கிழமை கோர்ட் திறந்திருக்கும்போதே போயிட்டோம். படிக்கட்டைப் பார்ப்பார்னு நான் அவசரப்படுத்தினா, மனுஷன் வாசலில் நின்னு கல் இணைப்பில் அடைச்ச சாந்தில் விரலை வச்சு, "பாயின்டிங் ரீசன்டா பண்ணியிருக்கான், பரவாயில்லை, கெடுக்கலை" என்றார். அப்புறம் சட்டைப் பையிலிருந்து ரெண்டு ரூபாய்க் காசு எடுத்துத் தட்டினார். நான் எழுதினதைப் படிச்சிருக்கார்! மூணு கல் தள்ளி ஒரு இடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தார். "இது?" நானும் தட்டினேன். தொப். ஒரு கல்லில், ஓரத்தில், பொரியப்போகுது. மார்ச்சில் சுவர் முழுக்கக் கணீர்னு எழுதினேனே, திருத்திக்கறேன்.

படிக்கட்டில் மூணு மாடியும் ஏறினார், 71 வயசு. மேலே போய், "எங்க ஊர்க் கிணறு பழசுதான், ஆனா இப்படி யாரும் பார்த்துக்கலை" என்றார். தண்ணி கேட்டார், கவுண்டி ஆபீஸ் அம்மா ஒரு பாட்டில் கொடுத்தாங்க.

மறுநாள், அதாவது இன்னைக்குக் காலையில், காப்பகம். கல்லைப் பையில் எடுத்துக்கிட்டுப் போயிருந்தேன். எந்த இடத்தில் எடுத்தேன்னு பொண்ணுக்கு ஞாபகம் இருக்கும்னு நம்பினேன், அவளுக்கும் இல்லை. புல் இடுப்பு வரைகூட வரலை, பச்சை, ஏப்ரலில் எரிஞ்ச சுவடே இல்லை. வேலி ஓரமா ஒரு இடம் பார்த்து அவளே வச்சா. அரிசி மேல்பக்கம் தெரிகிற மாதிரி வச்சவள், ரெண்டடி போய்த் திரும்பி வந்து கவிழ்த்து வச்சா. ஏன்னு கேட்டேன். "வேற யாராவது எடுத்துட்டுப் போயிடுவாங்க."